வீட்டுத் தொட்டியில் முதல் பவளம்: குமரிக் கரையில் நடக்கும் தவறுகள்

நாகர்கோவிலிலோ குளச்சலிலோ உப்புநீர்த் தொட்டி வைக்கிறவர்களிடம் ஒரு தைரியம் இருக்கிறது. கடல்தான் பக்கத்தில் கிடக்கிறதே, தண்ணீருக்கும் மணலுக்கும் என்ன பஞ்சம்? முதல் பவளம் சாவதற்குப் பல வீடுகளில் இந்தத் தைரியமே காரணம். மீன் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். பவளம் தாங்காது. உப்பும் சூடும் காரத்தன்மையும் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும்.

தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். தேங்காய்ப்பட்டணத்திலும் மணக்குடியிலும் ஆறு கடலில் கலக்கிறது. நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த மாதங்களில் கரையோரம் அள்ளும் நீரில் உப்பு குறைந்திருக்கும், கலங்கலும் இருக்கும். துறைமுகப் பக்கம் என்றால் படகு டீசலும் சேரும். ஆர்.ஓ. தண்ணீரில் அக்வேரியம் உப்பைக் கலந்து, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு, அதாவது அடர்த்தி 1.025 அல்லது 1.026-க்குக் கொண்டுவருவதே நல்லது. செலவு கூடுதல்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே தண்ணீர் கிடைக்கும். கடப்புற மணலையும் விட்டுவிடுங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்திருக்கின்றன. தொட்டிக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்துள்ள அரகனைட் மணல்.

அடுத்தது சட்டம். தெரிந்தவர் ஒருவர் தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து தருகிறார் என்றால் மறுத்துவிடுங்கள். கல் பவளங்கள் அனைத்தும், கடல்விசிறி, கருப்புப் பவளம் ஆகியவையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. செத்துக் கரை ஒதுங்கிய துண்டுக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி வெளுத்தன. மிச்சம் இருப்பது அங்கேயே இருக்கட்டும். சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்களை, எங்கிருந்து வந்தது என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். புதியவர் கையில் பிழைப்பவையும் இவைதான்.

தொட்டி பழுக்கும் முன்பே, அதாவது கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நிலைபெறும் முன்பே, பவளம் விடுவது எல்லா ஊரிலும் நடக்கிற தவறு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, சில வாரங்கள் அப்படியே நிலைத்திருக்க வேண்டும். நைட்ரேட் மட்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டாம், லிட்டருக்கு 5 மில்லிகிராம் போல இருந்தால் மென்பவளங்களுக்கு நல்லது.

சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும். பவளத்துக்கு 25 முதல் 27 போதும். மேலே சின்ன ஃபேன் வைத்தால் நீர் ஆவியாகிச் சூடு இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் கடலோர ஈரக்காற்றில் அவ்வளவு குறையாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை உப்புநீர் ஊற்றி நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் தினமும் ஊற்ற வேண்டும்.

இனி புதுப் பவளத்தைத் தொட்டி நீருக்குப் பழக்குவது. சென்னை கொளத்தூரிலிருந்து இரவு பஸ்ஸில் வரும் பையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூடிய நீரில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அந்த நிலையில் கழிவு அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதே கழிவு நஞ்சாக மாறத் தொடங்கும். அதனால் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது உபகாரம் இல்லை. பையைத் திறக்காமல் தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். அப்புறம் திறந்து, முதலில் பை நீரின் உப்பை அளந்து பாருங்கள். வித்தியாசம் சிறிது என்றால், தொட்டி நீரைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அரை மணிக்குள் முடித்துவிடலாம். பை நீர் ஒரு துளியும் தொட்டிக்குள் போகக் கூடாது.

தொட்டிக்குள் வைக்கும் முன் ஒட்டுண்ணிகளை உதிர்க்கும் பவள டிப் கரைசலில், குப்பியில் போட்டிருக்கிற நேரத்துக்கு முக்கி அலசுங்கள். தட்டைப்புழுக்களும் சோவாந்தஸைத் தின்னும் நத்தைகளும் உதிரும். முட்டைகள் டிப்பில் சாகாது. பவளம் ஒட்டி வந்த பிளக்கை, அதாவது சிறு அடிக்கட்டையை, முடிந்தால் கழற்றி எறிந்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய பல் துலக்கியால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். இந்த வேலையில் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சில சோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. சுத்தம் செய்கிறேன் என்று அவை ஒட்டிய பாறையை வெந்நீரில் போடவே போடாதீர்கள். ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

வெளிச்சத்திலும் அவசரம் கூடாது. பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. திடீரென்று பலமான எல்இடி பட்டால் அந்தப் பாசியை இழந்து வெளுத்துப்போகும். விளக்கைப் பாதியாகக் குறைத்து, பவளத்தைத் தொட்டியின் அடியில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் வெளிச்சத்தை ஏற்றுங்கள். பம்பின் வீச்சு நேராக மேலே படாமல் பாருங்கள். லெதர் பவளம் வேதிப்பொருள் கசியவிட்டு அக்கம்பக்கத்தை வாட்டும், ஆகவே இடைவெளி விட்டு, வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கரியும் போட்டு வையுங்கள்.

கரண்டையும் மறக்காதீர்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. விளக்கு இல்லாமல் ஓரிரு நாள் பவளம் இருக்கும். நீரோட்டமும் காற்றும் நின்றால் சில மணி நேரத்திலேயே சிக்கல். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

புதுப் பவளம் சில நாள் சுருங்கிக் கிடந்தால் கை வைக்காதீர்கள். லெதர் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் மூடி, ஒரு வாரம்கூட விரியாமல் இருக்கும். தோலுரிக்கிறது, அவ்வளவுதான். தினமும் இடம் மாற்றிப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும். சதை கரைந்து நாற்றம் அடித்தால் மட்டும் உடனே வெளியே எடுத்து, அன்றைக்கே கால்வாசித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.