பழைய லேப்டாப்ல லினக்ஸ் போடணுமா? முதல்ல ஹார்ட் டிஸ்க்க கழட்டி வெச்சிடுங்க

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. சரி விண்டோஸ் 11 போடலாம்னு பாத்தா டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி சிப் வேணும், இன்டெல் ப்ராசஸர்னா எட்டாவது ஜெனரேஷனாவது இருக்கணும்னு சொல்லுது, அதனால பெங்களூர்ல நம்ம ஆளுங்க வீட்ல நல்லா ஓடக்கூடிய லேப்டாப் எல்லாம் அலமாரி மேல ஏறிடுச்சு. ஆபீஸ்ல பழசுன்னு கம்மி விலைக்கு குடுத்தது, எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைங்கள்ல செகண்ட் ஹேண்டா வாங்கினது, ப்ளஸ் டூ படிக்கும்போது தமிழ்நாடு அரசு குடுத்ததை வேலைக்கு வரும்போது இங்க தூக்கிட்டு வந்தது, இப்படி எத்தனையோ. விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ்ங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டா, நாலாவது அஞ்சாவது ஜெனரேஷன் ஐ5 எல்லாம் இன்னிக்கும் ஒரு பையன் படிக்கிறதுக்கும், அம்மா யூட்யூப் பாக்கிறதுக்கும், பேங்க் வேலைக்கும் தாராளமா போதும்ங்க.

இதுல நிறைய பேர் தயங்குறதுக்கு காரணம் லினக்ஸ் கஷ்டம்ங்கிறது இல்ல, "உள்ள இருக்கிற போட்டோ போயிடுமோ"ங்கிற பயம்தான், அந்த பயம் நியாயமானதும் கூட. ஒரு தப்பான கிளிக்ல குழந்தையோட மொத்த போட்டோவும் போயிடும். அதுக்கு நான் சொல்ற வழி ஒண்ணே ஒண்ணு. பழைய ஹார்ட் டிஸ்க்ல கையே வெக்காதீங்க, அதை கழட்டி ஒரு கவர்ல போட்டு பேர் எழுதி பீரோல வெச்சிட்டு, புது எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) ஒண்ணு மாட்டி அதுல லினக்ஸ் போடுங்க. டேட்டா பத்திரம், பிடிக்கலன்னா பழைய டிஸ்க்க திரும்ப மாட்டினா விண்டோஸ் அப்படியே இருக்கும். அதோட லேப்டாப் ஸ்லோவா இருந்ததுக்கு பாதி காரணம் அந்த சுத்துற டிஸ்க்தான், எஸ்எஸ்டி மாட்டின உடனே வித்தியாசம் கண்ணுக்கு தெரியும். எந்த லினக்ஸ் நல்லதுன்னு நாள் கணக்கா தேடுறத விட இது பெரிய விஷயம்.

கழட்டறதுக்கு முன்னாடி விண்டோஸ்ல சில வேலை. கீழ சொல்ற 64 பிட் செக்கையும் பென்டிரைவ் எழுதறதையும் இப்பவே முடிச்சிக்கங்க, டிஸ்க்க கழட்டிட்டா இந்த லேப்டாப்ல விண்டோஸ் இருக்காது. டிஸ்க்க பூட்டி வெக்கிற பிட்லாக்கர் இல்ல டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாத்து ஆஃப் பண்ணி, அந்த பூட்டு முழுசா எடுபட்டு முடியிற வரைக்கும் விட்டுடுங்க, இல்லன்னா அந்த டிஸ்க்க வேற மெஷின்ல திறக்க ரெக்கவரி கீ கேக்கும். அப்புறம் ஷிஃப்ட் கீய அழுத்திட்டே ஷட் டவுன் குடுங்க, அப்பதான் முழுசா அணையும். சாதாரணமா ஷட் டவுன் பண்ணா விண்டோஸ் பாதி தூக்கத்துல நிக்கும், அந்த நிலைமைல டிஸ்க்க லினக்ஸ்ல சொருகினா படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது.

எஸ்எஸ்டி வாங்க எஸ்.பி. ரோடு போறவங்க ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பெரும்பாலான கடை மூடியிருக்கும். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோல எறங்கி நடந்தே போயிடலாம். போகும்போது லேப்டாப்பையே கைல எடுத்துட்டு போங்க, மாடல் நம்பர் சொல்லி வாங்கறத விட காட்டி வாங்கறது மேல். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டின்னு கேளுங்க, 240 ஜிபி போதும். கூடவே பழைய டிஸ்க்குக்கு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் கேஸிங் ஒண்ணு, அது ரொம்ப சின்ன செலவு. ரேம் 4 ஜிபிதான் இருக்குன்னா இன்னொரு 4 ஜிபி போட இடம் இருக்கான்னு அங்கயே பின்னாடி மூடிய திறந்து பாக்க சொல்லுங்க. ரேம் வகைய டிடிஆர்3ன்னு மட்டும் சொல்லி வாங்கிடாதீங்க, டிடிஆர்3எல்னு 1.35 வோல்ட்ல ஓடறது தனியா இருக்கு, நாலாவது ஜெனரேஷன் மெலிசு லேப்டாப்புக்கெல்லாம் அதுதான் வேணும். பேட்டரி உப்பிப் போயிருக்கான்னும் பாத்துக்கங்க, உப்பியிருந்தா அதை சார்ஜ் போடவே கூடாது, கழட்டி கடைல குடுத்துடுங்க.

மாத்தறது ஸ்க்ரூ டிரைவர் வேலைதான். சார்ஜர பிடுங்கி, பேட்டரிய கழட்டி, பவர் பட்டன கொஞ்ச நேரம் அழுத்தி மிச்ச கரண்ட் போக விட்டு, அப்புறம் டிஸ்க்க எடுங்க. பழைய டிஸ்க்க சுத்தி ஒரு தகர ஃப்ரேம் இருக்கும், அதை கழட்டி புதுசுல மாட்டினாதான் ஸ்லாட்ல ஆடாம உக்காரும். சில விலை கம்மியான லேப்டாப்புல ஸ்டோரேஜ் போர்டுலயே ஒட்டியிருக்கும், மாத்தவே முடியாது, அந்த கேஸ்ல மட்டும் எல்லாத்தையும் ரெண்டு இடத்துல காப்பி பண்ணி, காப்பி பண்ணதுல நாலு ஃபைலயாவது திறந்து பாத்துட்டு அடுத்த வேலைக்கு போங்க.

எந்த லினக்ஸ்னு கேட்டா, முதல் தடவைன்னா லினக்ஸ் மின்ட்தாங்க, யோசிக்கவே வேணாம். விண்டோஸ் மாதிரியே கீழ மெனு இருக்கும், அம்மா அப்பாவுக்கு புதுசா எதுவும் சொல்லித் தர வேண்டியிருக்காது. 8 ஜிபி ரேம் இருந்தா சின்னமன் எடிஷன், 4 ஜிபி இல்ல அதுக்கும் கீழன்னா எக்ஸ்எஃப்சிஇ எடிஷன். மின்ட் 2 ஜிபிலயும் ஓடும்னு அவங்களே சொல்றாங்க, ஓடவும் செய்யும், ஆனா பிரவுசர்ல நாலு டேப் திறந்தா திணறும், இன்னிக்கு ரேம தின்னுறது வெப்சைட்டுங்கதான், எந்த லினக்ஸ் போட்டாலும் அது மாறாது. இன்னொண்ணு, மின்டுக்கு 64 பிட் ப்ராசஸர் வேணும். விண்டோஸ் செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபவுட்ல பாருங்க, 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம்னு போட்டிருந்தாலும் பக்கத்துல எக்ஸ்64 ப்ராசஸர்னு இருந்தா கவலையில்ல, மின்ட் ஏறும்.

டிஸ்க்க கழட்டறதுக்கு முன்னாடியே 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு எடுங்க, அதுல இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும்ங்கிறத மனசுல வெச்சிக்கங்க. மின்ட் சைட்லேர்ந்து ஐஎஸ்ஓ ஃபைல் (மொத்த மின்டும் அடங்கின ஒரே ஃபைல்) இறக்குங்க, கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். விண்டோஸ்ல ரூஃபஸ்னு ஒரு குட்டி இலவச ப்ரோக்ராம் இருக்கு, அதுல பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி, மத்ததெல்லாம் அது காட்டறபடியே விட்டுட்டு ஸ்டார்ட் குடுங்க, நடுவுல கேட்டா ஐஎஸ்ஓ மோடுன்னு குடுங்க. எழுதறதுக்கு முன்னாடி ரூஃபஸ்லயே செக்சம், அதாவது ஃபைல் கெடாம இறங்கியிருக்கான்னு, பாக்கிற பட்டன் இருக்கும், அதுல வர்ற ஷா256 நம்பரும் மின்ட் சைட்ல போட்டிருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கான்னு பாத்துடுங்க. நெட் விட்டு விட்டு வந்து பாதி கெட்டுப்போன ஃபைல்தான் இன்ஸ்டால் நடுவுல நிக்கிறதுக்கு அடிக்கடி காரணமா இருக்கும்.

பென்டிரைவ சொருகி லேப்டாப்ப ஆன் பண்ண உடனே, எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்னு கேக்கிற பூட் மெனுவோட கீய தட்டிட்டே இருங்க. டெல்லுக்கும் லெனோவோவுக்கும் பெரும்பாலும் எஃப்12, எச்பிக்கு எஸ்கேப் தட்டிட்டு எஃப்9, ஏசஸ்னா எஸ்கேப். ஏசர்ல எஃப்12தான், ஆனா எஃப்2 தட்டி பயாஸுக்குள்ள (லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) போய் எஃப்12 பூட் மெனுவ எனேபிள் பண்ணாதான் வேலை செய்யும். பென்டிரைவ் தெரிஞ்சும் திறக்கலன்னா பயாஸ்ல செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணி பாருங்க. பயாஸுக்குள்ள போனா தேதியையும் ஒரு பார்வை பாருங்க, பழைய லேப்டாப்புல உள்ள இருக்கிற பட்டன் பேட்டரி செத்திருந்தா தேதி எங்கயோ பின்னாடி நிக்கும், தேதி தப்பா இருந்தா எந்த வெப்சைட்டும் ஒழுங்கா திறக்காது, நெட்டு பிரச்சனைன்னு நினைச்சு அலைவீங்க.

இப்ப மின்ட் டெஸ்க்டாப் வந்திடும், ஆனா இது இன்னும் பென்டிரைவ்லேர்ந்து ஓடறதுதான், டிஸ்க்ல எதுவும் எழுதல. இங்க அவசரப்படாதீங்க. வைஃபை வருதா, சத்தம் வருதா, டச்பேட், பிரைட்னஸ் கீ, கேமரா, ப்ளூடூத் இயர்ஃபோன், மூடிய மூடி திறந்தா முழிச்சிக்குதா, எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பாருங்க. ஸ்பீட மட்டும் இங்க வெச்சு முடிவு பண்ணாதீங்க, பென்டிரைவ்ல ஓடறதால மெதுவாதான் இருக்கும். வைஃபை வரலன்னா ஃபோன யுஎஸ்பி கேபிள்ல மாட்டி, ஃபோன் நெட்ட லேப்டாப்புக்கு குடுக்கிற டெதரிங்க ஆன் பண்ணுங்க, அப்படியே நெட் வந்திடும். சில பிராட்காம் சிப்புக்கு இன்ஸ்டால் முடிஞ்சப்புறம் டிரைவர் மேனேஜர்ல போய் டிரைவர் போடணும், அதுக்கும் இந்த டெதரிங்தான் கை குடுக்கும். பிரிண்டரும் இருந்தா இங்கயே சொருகி ஒரு பக்கம் அடிச்சு பாருங்க.

எல்லாம் சரின்னா டெஸ்க்டாப்ல இருக்கிற இன்ஸ்டால் ஐகான். சார்ஜர யூபிஎஸ் லைன் வர்ற பாயிண்ட்ல சொருகிக்கங்க, பழைய பேட்டரிய நம்பி இருக்கும்போது நடுவுல கரண்ட் போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கீபோர்டு இங்கிலீஷ் யுஎஸ், நம்ம ஊர் லேப்டாப் எல்லாம் பெரும்பாலும் அதுதான். பாட்டு, வீடியோ ஓட மல்டிமீடியா கோடெக்ஸ்க்கு டிக் போடுங்க. அடுத்து வர்ற "டிஸ்க்க அழிச்சிட்டு போடவா"ங்கிற ஸ்க்ரீன்லதான் மத்தவங்களுக்கு கை நடுங்கும், உங்களுக்கு உள்ள இருக்கிறது வெறும் புது எஸ்எஸ்டி, தைரியமா ஓகே குடுங்க. டிஸ்க்கே காட்டலன்னா பயாஸ்ல சாட்டா மோட் ரெய்டு இல்ல ஆர்எஸ்டின்னு இருக்கும், அதை ஏஎச்சிஐன்னு மாத்துங்க. டைம் ஸோன் கொல்கத்தா. பேரும் பாஸ்வேர்டும் குடுத்துட்டு ஒரு காபி போட்டு குடிச்சிட்டு வந்தா முடிஞ்சிருக்கும், ரீஸ்டார்ட் பண்ணும்போது பென்டிரைவ எடுக்க சொல்லும், எடுத்துட்டு என்டர்.

முதல் வேலை அப்டேட் மேனேஜர், ரெண்டாவது டிரைவர் மேனேஜர், மூணாவது டைம்ஷிஃப்ட்ல ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டம் இப்ப இருக்கிற நிலைமைய சேத்து வெக்கிறது. டைம்ஷிஃப்ட் சிஸ்டத்த மட்டும்தான் காப்பாத்தும், போட்டோவ இல்ல, அதை குழப்பிக்காதீங்க.

தமிழ் டைப்பிங்தான் நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்கிறது. படிக்கிறதுக்கு எதுவும் செய்ய வேணாம், எழுத்து நல்லா தெரியும். எழுத சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ் எம்17என் (ibus-m17n)னு தேடி போட்டுட்டு, இன்புட் மெத்தட்ல ஐபஸ்ஸ தேர்ந்தெடுத்து, லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க. ஐபஸ் ப்ரிஃபரன்ஸஸ்ல தமிழ் சேர்த்தா தமிழ்99, ஃபொனெட்டிக் ரெண்டுமே இருக்கும், ஃபோன்ல இங்கிலீஷ்ல அடிச்சு தமிழ் வர வெச்சு பழகினவங்களுக்கு ஃபொனெட்டிக் உடனே கைக்கு வந்திடும். அப்பாவோட பழைய லெட்டர் எல்லாம் பாமினி மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்ல இருந்தா அந்த ஃபான்ட் ஃபைல பழைய டிஸ்க்லேர்ந்து எடுத்து டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுங்க, லிப்ரேஆபீஸ்ல திறக்கும்.

பழைய டிஸ்க்க கேஸிங்ல போட்டு சொருகினா மின்ட் தானா படிக்கும், வேணுங்கிற போட்டோ, டாக்குமென்ட் மட்டும் காப்பி பண்ணிக்கங்க. நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஆப் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸ்ல டிஆர்எம் பர்மிஷன் கேக்கும், ஆமான்னு குடுத்தா ஓடும்.

ஒரு விஷயத்த மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். டேலிய நம்பி கடை கணக்கு பாக்கிறவங்க, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் சொருகி ஃபைலிங் பண்றவங்க, ஃபோட்டோஷாப்ல வேலை பண்ணி சம்பாதிக்கிறவங்க, அவங்க தொழில் மெஷின்ல இத போடாதீங்க, அதுக்கு விண்டோஸே இருக்கட்டும். வீட்டு உபயோகத்துக்குன்னா மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும், அப்டேட் மேனேஜர்ல ஆட்டோமேட்டிக்க ஆன் பண்ணிட்டு, பாஸ்வேர்ட ஒரு டைரில எழுதி வெச்சிட்டு லேப்டாப்ப வீட்ல யூஸ் பண்றவங்க கைல குடுத்துடலாம்.