புதிதாக ஸ்கிரீன் பிரிண்டிங் தொடங்குகிறீர்களா? முதலில் தீயைப் பற்றிப் பேசுவோம்

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் கோலாலம்பூரில் டி-சட்டை அச்சடிப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. காவடிக் குழுவுக்கு ஐம்பது சட்டை, தண்ணீர்ப் பந்தலுக்கு நூறு சட்டை, எல்லாமே நேற்றே வேண்டும் என்பார்கள். செந்தூல் பக்கம் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துத் தொழில் தொடங்குகிறவர் வலை கட்டிய பிரேம், இங்க், இங்கைத் தேய்த்து இழுக்கும் ஸ்குவீஜி எல்லாம் முதல் நாளே வாங்கிவிடுவார். தீயணைப்பான் மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ கணக்கில் கிடக்கும். அந்தக் கணக்கை இப்போதே முடித்துவிடுவோம்.

1. எது எரியும் என்று பிரித்து வையுங்கள்

சட்டைக்குப் போடும் பிளாஸ்டிசோல் இங்கிலும் தண்ணீர் கலந்த இங்கிலும் பெரிய ஆபத்து இல்லை. ஸ்டிக்கருக்கும் பிளாஸ்டிக்குக்கும் போடும் சால்வென்ட் இங்க், ஸ்கிரீன் கழுவும் தின்னர், ஸ்பிரே பசை, இவைதான் வில்லங்கம். ஒவ்வொரு டின்னுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று உண்டு. விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அதன் 9ஆம் பகுதியில் ‘தீப்பற்றும் வெப்பநிலை’ (flash point) இருக்கும், அதாவது ஒரு பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளும் குறைந்தபட்ச வெப்பநிலை. தின்னர்களில் வரும் அசிட்டோனுக்கு அது சுமார் மைனஸ் 20 டிகிரி, டொலுயீனுக்கு 4 டிகிரி. நம் ஊர் மதிய வெயில் 33 டிகிரி. அதாவது, மூடி திறந்திருக்கும் தின்னர் டின் எந்த நேரமும் பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. ஒரு பொறி போதும்.

2. ஆவி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

எரிவது டின்னில் இருக்கும் தின்னர் அல்ல, அதிலிருந்து கிளம்பும் ஆவி. இது மட்டும் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். டொலுயீன் ஆவி காற்றைப்போல மூன்று மடங்கு கனம். மேலே எழாமல், தரையோடு தவழ்ந்து போகும். கழுவும் மேசையிலிருந்து பத்தடி தள்ளி, பின்கட்டில் யாரோ மேகி மீ வேகவைக்கும் கேஸ் அடுப்பு, ஐந்தடி நடைபாதையில் ஒருவர் கையில் சிகரெட். ஆவி அங்கே போய்ப் பற்றிக்கொண்டு, வந்த வழியே டின்னுக்குத் திரும்பும்.

கடைவீடு நீளமாக, குறுகலாக, முன்னும் பின்னும் மட்டும் திறப்பு உள்ள கட்டடம். அதனால் காற்று ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேற வேண்டும். கழுவும் மேசை காற்று வெளியேறும் பக்கம், இங்கை உலர்த்தும் ஹீட்டர் (பிளாஷ் டிரையர்) காற்று உள்ளே வரும் பக்கம். கூரை விசிறி ஆவியை வெளியேற்றாது, அறை முழுக்கக் கலக்கிவிடும்.

சாமி மாடத்தையும் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் பட்டறையில் சாமி படமும் அகல்விளக்கும் இல்லாமல் இருக்காது, வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் உண்டு. மாடத்தை முன்பக்கமாக, உயரமாக வையுங்கள். விளக்கேற்றுவதும் கற்பூரம் காட்டுவதும் காலையில், முதல் டின் திறப்பதற்கு முன். சுடர் மலையேறி, சாம்பிராணிக் கரியும் முழுதாக அணைந்த பிறகே வேலை. நாள் முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் மின்விளக்கு வைக்கலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

3. அன்றைக்கு வேண்டியது மட்டும் கையருகே

பெரிய டின் வேலை செய்யும் இடத்தில் இருக்கக் கூடாது. மூடியுள்ள சிறிய இரும்பு டப்பாவில் அன்றைய தின்னரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தாகத்தில் யாராவது வாயில் வைத்துவிடுவார்கள். டிரம்மிலிருந்து பிளாஸ்டிக் வாளிக்கு வேகமாக ஊற்றினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி பறக்கலாம். இரும்பிலிருந்து இரும்புக்கு ஊற்றுங்கள், இரண்டையும் கிளிப் வைத்த கம்பியால் இணைத்துவிட்டு, மெதுவாக.

4. துடைத்த துணி

தின்னர் துணிக்கு மூடியுள்ள இரும்புத் தொட்டி, தினமும் மாலையில் காலியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் கலந்த இங்கைத் துடைத்த துணி தனி ரகம். குவித்து வைத்தால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து மூடி வையுங்கள். பழைய தின்னரை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள், ஆவி அங்கேயும் தவழும். பெயர் எழுதிய டின்னில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு குத்தகையாளரிடம் கொடுங்கள்.

5. பிளாஷ் டிரையர்

நம் மூன்று முனை பிளக் தாங்குவது 13 ஆம்பியர், சுமார் 3,000 வாட். ஒரு டிரையரே 2,000 வாட்டுக்கு மேல் இழுப்பது உண்டு. அதே எக்ஸ்டென்ஷனில் இஸ்திரிப் பெட்டியையும் தண்ணீர் சுடவைக்கும் கெத்தலையும் சொருகினால் என்ன ஆகும்? அரை மணி ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ ஓரம் பழுப்பேறியிருந்தாலோ நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். டிரையர் சட்டையின் மேல் நிற்கும்போது கைப்பேசியை எடுக்காதீர்கள். முதலில் டிரையரைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், அப்புறம் ‘ஹலோ’. அது சிவந்திருக்கும்போது பக்கத்தில் ஸ்பிரே பசை அடிக்கவும் கூடாது.

6. தீ பிடித்துவிட்டால்

ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று வாசலருகே தொங்க வேண்டும், தின்னர் அலமாரிக்குப் பக்கத்தில் அல்ல. அதில் உள்ள பொம்பா (தீயணைப்புத் துறை) ஸ்டிக்கரின் தேதியையும் பாருங்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசுங்கள். பவுடர் அரை நிமிடம்கூட வராது, அதனால் வீணாக்காதீர்கள். தின்னர் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

குப்பைத் தொட்டி அளவுத் தீ என்றால், அதுவும் வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் மட்டும் முயலுங்கள். அதைவிடப் பெரிதென்றால் எல்லோரும் வெளியே. பின்பக்க கிரில்லுக்குத் திருடன் பயத்தில் பூட்டுப் போடுவது சரிதான், ஆனால் ஆள் உள்ளே இருக்கும் நேரத்தில் பூட்டு தொங்கக் கூடாது. வெளியே வந்ததும் 999. கடை எண், சாலைப் பெயர், எந்தத் தளம் என்று சொல்லுங்கள். பொம்பா வண்டி வந்து நின்றதும், உள்ளே தின்னர் எத்தனை டின், எந்த மூலையில் என்பதை முதலில் சொல்லுங்கள்.