கேரட் ஜூஸ் குடிச்சா வெயில் ஒண்ணும் செய்யாதுன்னு நம்பாதீங்க

திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால ஒரு மாசம் தினமும் காலைல கேரட் ஜூஸ் குடிச்சேன், அந்தத் தைரியத்துல குடையும் எடுக்காம தலைல துண்டும் போடாம ஒம்பது மணில இருந்து மத்தியானம் வரைக்கும் ரதவீதில நின்னேன். காத்து சிலுசிலுன்னு அடிச்சதுல வெயிலே தெரியல. ராத்திரி வந்து பாத்தா கழுத்தும் முன்கையும் செவந்து எரியுது, சட்டைக் காலர் உரசினாலே தாங்க முடியல. பொறவுதான் இதப் பத்தி தேடித் தேடிப் படிச்சேன். நம்ம வீடுகள்ல எல்லாரும் பண்ணுத தப்புங்கதால எழுதுதேன்.

சாப்பாடு குடைக்கு ஈடாகாது, அதான் முதல்ல புரியணும். 2001ல ஜெர்மனில ஒரு ஆய்வு வந்துச்சு. தினமும் 40 கிராம் தக்காளி பேஸ்ட்ட 10 கிராம் ஆலிவ் எண்ணெயோட சாப்பிட்டவங்களுக்கு, வெறும் எண்ணெய் மட்டும் எடுத்தவங்கள விட தோல் செவக்குதது 40 சதவீதம் கம்மியா இருந்துச்சு, ஆனா அது 10 வாரம் கழிச்சு. நாலாவது வாரத்துல சொல்லும்படியா ஒரு வித்தியாசமும் இல்ல. அதனால நாளைக்கு கல்யாணத்துக்கு வெளியூர் போகணும்னு இன்னைக்கு ரெண்டு தக்காளி தின்னா ஒண்ணும் நடக்காது. பத்து வாரம் தின்னாலும் தோல் செவக்கத்தான் செய்யும், கொஞ்சம் கம்மியா செவக்கும், அவ்வளவுதான்.

அடுத்த தப்பு, பச்சையா ஜூஸ் போட்டு எண்ணெயே இல்லாம குடிக்குதது. தோலுக்கு அந்தக் கொஞ்சப் பாதுகாப்புக் குடுக்குத நிறமிங்க, தக்காளில இருக்க லைகோபீன், கேரட்ல முருங்கைக்கீரைல இருக்க பீட்டா கரோட்டின், ரெண்டும் கொழுப்புலதான் கரையும், எண்ணெய் சேந்தாதான் உடம்பு நல்லா எடுக்கும். எங்க ஆச்சி பாவூர்சத்திரம் தக்காளிய நல்லெண்ணெய்ல போட்டு, தண்ணி வத்தி ஓரத்துல செவப்பா எண்ணெய் பிரியுத வரைக்கும் கிண்டுவாவ. அந்த எண்ணெய்க்கு செவப்பு நிறம் எங்கிருந்து வருதுன்னு நெனைக்கிய, லைகோபீன் இறங்குதுல்லா, அதான். சொதியும் அப்படித்தான், கேரட்டும் முருங்கக்காயும் தேங்காப்பால்ல வேகுது, இத விட என்ன வேணும். நெல்லிக்காய் மட்டும் பச்சையா தின்னுங்க, வைட்டமின் சி சூட்டுல குறைஞ்சிரும்.

நுங்கும் பதநீரும் குடிச்சா தோலு கருக்காதுன்னு நெனைக்கவும் செய்யாதீங்க. வேர்த்துப் போன தண்ணிக்கு அது ஈடு கட்டும், ஆனா தோலக் கருக்குத புற ஊதாக் கதிர் வேற, சூடு வேற. சித்திரை பொறக்கும்போதும் ஆவணி நடுவுலயும் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா வரும், சாரல் சமயத்துல மேகம் மூடி இருந்தாலும் கதிர் மேகத்துக்குள்ள பூந்து வரும்.

மாத்திரை விஷயத்துல ரொம்ப கவனம். பீட்டா கரோட்டின் மாத்திரைய பீடி, சிகரெட் குடிக்கவங்க எடுக்கவே கூடாது. பின்லாந்துல புகை பிடிக்க ஆம்பளைகளுக்குக் குடுத்துப் பாத்ததுல நுரையீரல் கேன்சர் கூடத்தான் செஞ்சுதுன்னு 1994லயே சொல்லிட்டாங்க. காய்கறில இருந்து வாரதுக்கு அந்தப் பயம் இல்ல. கேரட் அளவுக்கு மீறினா உள்ளங்கை மஞ்சளாகும், கண்ணு வெள்ளையா இருந்தா அது காமாலை இல்ல, கேரட்ட குறைச்சா சரியாயிரும்.

கடைசியா எலுமிச்சை. சாப்பிட நல்லது, மூஞ்சில தேய்க்காதீங்க. புளியங்குடில இருக்க எங்க சித்தி மவ பாதி எலுமிச்சைய கன்னத்துல தேய்ச்சிட்டு நெல்லு காயப்போட மொட்ட மாடிக்குப் போனா. ரெண்டு நாள்ல செவந்து கொப்புளிச்சு, சாறு வழிஞ்ச தடம் அப்படியே காப்பித்தூள் நிறத்துல கோடு கோடா நின்னுட்டு. எலுமிச்சைல இருக்க ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலப் பொசுக்கும். சித்திரைல வந்த கோடு ஆடி வந்தும் முழுசா மறையல. ஊறுகாய்க்கு நறுக்கினாலும் ஜூஸ் பிழிஞ்சாலும் கைய முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டு வெளிய போங்க, கொப்புளம் வந்தா மேல எதையும் பூசாம தோல் டாக்டர்ட்ட காட்டுங்க.