வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளின் எண்ணும் எழுத்தும்: நாம் செய்யும் தவறுகள்

நாற்பத்தேழு என்று சொன்னேன். பையன் 74 என்று எழுதினான். ஐம்பத்திரண்டு என்றேன், 25 வந்தது. இவனுக்கு எண்ணே பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டே நோட்டைப் புரட்டினால், கரும்பலகையில் இலக்கமாக எழுதிப்போட்ட கணக்கெல்லாம் சரியாக இருந்தது. கடன் வாங்கிக் கழித்தல்கூட. அவன் வீட்டில் ஹிந்தி. 47 அங்கே 'சைந்தாலீஸ்': ஏழு முன்னால், நாற்பது பின்னால். முதலில் காதில் விழுவதை ஒன்றுகள் இடத்தில் போட்டுப் பழகிய பிள்ளை, தமிழ் எண்ணைக் கேட்டும் அதையே செய்திருக்கிறான்.

தமிழ் வராததைக் கணக்கு வராததாக எடுத்துக்கொள்வதுதான் ஆசிரியர்களாகிய நாம் செய்வதிலேயே பெரிய தவறு. தமிழில் 'அரும்பு' நிலையில், அதாவது 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் தொடக்க நிலையில், இருக்கிறாள் என்பதற்காக ஒரு பிள்ளையைக் கணக்கிலும் அரும்பில் உட்கார வைத்தால், அவளுக்குத் தெரிந்ததையே ஒரு வருடம் திரும்பப் படிப்பாள். முதலில் இலக்கங்களை மட்டும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஆறே மாதத்தில் பிள்ளை விளையாட்டில் சரளமாகத் தமிழ் பேசும். "இனி இவளுக்குத் தனி உதவி வேண்டாம்" என்று விட்டுவிடுவோம். பேச்சுமொழி சுமார் 2 ஆண்டில் வந்துவிடும், பாடமொழி கைவரக் குறைந்தது 5 ஆண்டு ஆகும் என்று கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துச் சொன்னார். "என்னிடம் 12 பென்சில். உன்னிடம் இருப்பதைவிட இது 5 அதிகம். உன்னிடம் எத்தனை?" இதில் 'அதிகம்' என்ற சொல் மட்டும் காதில் பட்டு, 17 என்பாள். 7 என்று சொல்லக் கணக்கு போதாது, 'விட' புரிய வேண்டும். அந்தப் பென்சில்களை மேசையில் வைத்தே காட்டுங்கள்.

வாசிப்பில் இன்னொன்று. ஹிந்தி எழுத்து தெரிந்த பிள்ளைக்கு ஒலிக்கு ஓர் எழுத்து. நம் 'ட' வரிசை எழுத்து 'பாட்டு' என்ற சொல்லில் ஒரு மாதிரி, 'இடம்' என்ற சொல்லில் வேறு மாதிரி ஒலிக்கும். தடுமாறத்தான் செய்யும். அதைக் குறையாக எண்ணாமல், சொற்களைச் சேர்த்துச் சேர்த்து வாசிக்க வைத்தால் பழகிவிடும். "வீட்டில் தமிழே பேசுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்வதையும் நிறுத்திவிடலாம். அந்த அம்மாவுக்கு நன்றாக வருவது அவருடைய மொழி. கதையும் விடுகதையும் எண்ணிக்கையும் அதில்தான் செழிப்பாக வரும்.

சரி, சேர்க்கைக்கு வருவோம். டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்புவதும், எட்டு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் போடுவதும் தவறு மட்டுமல்ல, 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கே விரோதம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்கிறது சட்டம்.

அப்புறம், வேலை முடிந்தால் குடும்பம் நடு வருடத்தில் கிளம்பிவிடும். அடுத்த பள்ளியில் பிள்ளை மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கும். இதைத் தவிர்க்க ஒரு தாள் போதும். எந்த மொழியில் என்ன வாசிக்கிறான், எதுவரை கணக்கு வரும் என்று எழுதி அப்பாவிடம் கொடுங்கள், அவர் போனில் அதைப் படமும் எடுத்துவிடுங்கள். 74 என்று எழுதிய அந்தப் பையனின் தாளில் கடைசி வரி இப்படி எழுதினேன்: "எண்ணைச் சொன்னால் திருப்பி எழுதுவான். எழுதிக் காட்டுங்கள், போட்டுவிடுவான்."