குளோப்மேலோ விதைகளை முளைக்க வைத்த விதம்

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், எங்கள் வீட்டு முன்புறத்தில், சோனோரப் பாலைநிலத்தில் தானாகவே வளரும் டெசர்ட் குளோப்மேலோவை விதைத்தபோது, ஒன்றிரண்டு நாற்றுகளுக்கு மேல் தலைகாட்டவில்லை. துத்தி, செம்பருத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் கடினமான விதையுறை நீரை எளிதில் உள்ளே விடாது என்பதே அதற்குக் காரணம். ஒரு மழையை நம்பி எல்லா விதைகளும் ஒரேயடியாக முளைத்துக் கருகிவிடாதிருக்க அது நல்ல ஏற்பாடுதான்; தோட்டம் போடுபவருக்குத்தான் தலைவலி.

மீதமிருந்த விதைகளை இரண்டு உப்புத்தாள்களுக்கிடையே வைத்து, மேல்தோல் சற்றே சுரண்டப்படும் அளவுக்கு மட்டும் மெதுவாகத் தேய்த்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, உப்பியவற்றைப் பொறுக்கியெடுத்து, வெயில் தணிந்த அக்டோபரில் சரளை கலந்த மணலில் மேலாக ஊன்றினேன். இம்முறை பாத்தி நிறைய முளைத்தது. வேர் பிடித்தபின் நீரைப் படிப்படியாகக் குறைத்துவிட வேண்டும். ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். உரம் வேண்டவே வேண்டாம், இட்டால் தண்டு நீண்டு சாயும். வசந்தத்தில் ஆரஞ்சு நிறப் பூக்கள் பூத்து ஓய்ந்ததும் செடியைக் கத்தரிக்கலாம். இலையிலுள்ள நட்சத்திர வடிவ நுண்மயிர்கள் கண்ணை உறுத்துமாதலால், அப்போது கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது.