காரைக்குடியில் குறைந்த செலவில் சாப்பிட நினைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிற்பகலில் சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் பல்லவன் விரைவு வண்டி, இரவு உணவு வேளை ஏறக்குறைய முடிந்த பிறகே காரைக்குடி வந்து சேர்கிறது. பசியோடு இறங்குகிறவர், செட்டிநாட்டு மண்ணில் முதல் வேளை என்பதால் இலை போட்டுச் சோறும் கோழி வறுவலுமாகச் சாப்பிட ஆசைப்பட்டால், அந்நேரத்தில் அது வாய்ப்பது அரிது. அப்போது அடுப்பு எரிந்துகொண்டிருப்பவை பரோட்டாக் கடைகள்; அங்கே கல்லிலிருந்து சூடாக எடுத்துப் போடும் பரோட்டாவையோ முட்டைத் தோசையையோ சால்னாவோடு சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போவதுதான் நல்லது. இதை ஏற்காமல் விளக்கு எரியும் பெரிய கடையைத் தேடி ஆட்டோவில் அலைகிறவர், மதியம் வடித்து ஆறிப்போன சோற்றை அதிக விலை கொடுத்துச் சாப்பிட நேர்கிறது.

இதையே முதல் தவறாகச் சொல்வேன். காரைக்குடியில் எளிய சாப்பாடு கடையின் பெயரைவிட வேளையைச் சார்ந்தது. விடிவதற்கு முன்பே தேநீர்க் கடைகள் திறந்துவிடும். இட்லி, இடியாப்பம், ஆப்பம் ஆகியவற்றைச் சுடச்சுடத் தரும் சிறு கடைகள் காலை ஒன்பதரை மணிக்குள் பெரும்பாலும் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடும். மெஸ்களில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்குச் சூடு பிடித்து, இரண்டரைக்கெல்லாம் நல்ல குழம்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும்; மீன் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் பணியாரச் சட்டியும் வடைச் சட்டியும் அடுப்பேறும். பரோட்டாவின் நேரம் விளக்கு வைத்த பிறகுதான். ஒரு வேளைக்குரியதை மற்றொரு வேளையில் கேட்டால், கடைக்காரர் மறுக்க மனமின்றி எதையாவது சூடாக்கிக் கொடுப்பார். விலை அதேதான், பண்டம் மட்டும் அதுவாக இராது.

இரண்டாவது தவறு, கேள்வியைத் தவறாகக் கேட்பது. "இங்கே நல்ல ஹோட்டல் எது?" என்று நிலையத்து வாசலில் கேட்டால், எந்த ஊரிலும் போலவே இங்கும் குளிர்சாதன அறையுள்ள கடையைத்தான் காட்டுவார்கள். அது ஏமாற்றும் எண்ணத்தால் அன்று. வெளியூர்க்காரர் வசதியான இடத்தைத்தான் கேட்கிறார் என்ற மரியாதையால். அதே மனிதரிடம், "அண்ணே, நீங்க மத்தியானம் எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், முற்றிலும் வேறு ஒரு தெரு விடையாக வரும். ஹோட்டல் என்ற சொல்லைத் தவிர்த்து மெஸ், சாப்பாட்டுக் கடை, இட்லிக் கடை என்று கேட்பதே பாதிச் செலவைக் குறைத்துவிடும். பேருந்து நடத்துநர்கள், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய மரச்சாமான்களை ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள், கல்லூரிச் சாலையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர்கள் ஆகியோர் நாள்தோறும் சொந்தப் பணத்தில் சாப்பிடுகிறவர்கள் என்பதால், அவர்கள் சொல்லும் இடம் விலையிலும் வயிற்றுக்கும் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. கைப்பேசியில் நட்சத்திரங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அந்த அளவுக்கு உதவுவதில்லை. ஒருமுறை வந்துபோன சுற்றுலாப் பயணிகளே பெரும்பாலும் மதிப்பெண் இடுகிறார்கள், நாள்தோறும் சாப்பிடுகிறவர் எழுதுவதில்லை.

செலவு எகிறுவதற்குப் பெரிய காரணம், மெஸ்ஸில் இலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் தட்டு. அசைவ மெஸ்ஸுக்குப் புதியவர்களுக்கு இதை விரிவாகச் சொல்ல வேண்டும். பலகையில் எழுதியிருக்கும் சாப்பாட்டு விலை சோறு, கூட்டு பொரியல், குழம்பு வகைகள், ரசம், மோர் ஆகியவற்றுக்குரியது. கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு என்று அன்று எவை உண்டோ அவற்றையெல்லாம், வேறு எதுவும் வாங்காதவருக்கும், கேட்கக் கேட்க ஊற்றுவதே பெரும்பாலான கடைகளின் வழக்கம். சுக்கா, ஈரல், குடல், கோலா உருண்டை, வறுத்த மீன், நண்டு ஆகிய தொடுகறிகளுக்குத் தனி விலை. பரிமாறுகிறவர் இவற்றைச் சிறு சிறு கிண்ணங்களில் அடுக்கிய பெரிய தட்டோடு வந்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி முகத்தைப் பார்ப்பார். தலையசைத்தால் கிண்ணம் இலைக்கு வந்துவிடும். அது சாப்பாட்டோடு சேர்ந்தது என்று நினைத்துத் தலையசைக்கிறவர்கள் ஏராளம். நான் இங்கே படிக்க வந்த முதல் மாதத்தில் நானும் ஒரு நண்பரும் பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த ஒரு கடையில் இப்படி நான்கு கிண்ணங்களை வாங்கிக்கொண்டு, அந்த வாரத்துக்கு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியைக் கல்லாவில் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். கடைக்காரர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. விலையைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

எனவே தட்டு வந்ததும் விலையைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர்களே கேட்கிறார்கள். இருவர் சென்றால் ஒரு தொடுகறியைப் பகிர்ந்துகொள்ளலாம், தனியாகச் சென்றால் ஓர் ஆம்லெட்டோ கலக்கியோ போதும். கறிக்குழம்பே நன்றாக அமைந்த நாளில் அதுவும் வேண்டியதில்லை என்பது என் அனுபவம். அமரும் முன்னரே "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேட்டுவிடுங்கள், அதற்கு வரும் பதிலின் உற்சாகத்திலிருந்தே கடையின் தரத்தை ஓரளவு அறிந்துவிடலாம். மேலும், பார்சல் சாப்பாட்டில் கட்டும் சோறு பல கடைகளில் இரண்டு பேருக்குக் காணும். அறையில் தங்கியிருப்போர் தூக்குவாளியோ அடுக்கோ கொண்டுசென்று வாங்கினால், கொதிக்கும் குழம்பு நெகிழிப் பையில் இறங்குவதையும் தவிர்க்கலாம். தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருந்தாலும், பார்சல் மேசைகளில் அந்தப் பைகள் இன்னும் முற்றாக ஒழியவில்லை.

செட்டிநாடு என்ற பெயரைப் பற்றிய தவறு சற்று ஆழமானது. வெளியூர்களில் செட்டிநாடு என்ற சொல் மிளகாய் மிதக்கும் சிவந்த எண்ணெய்க்கு அடையாளமாகிவிட்டதால், இங்கே வருகிறவர்களும் அதையே தேடுகிறார்கள். அவர்களுக்காகவே சில கடைகள் காரத்தையும் எண்ணெயையும் கூட்டி, அதற்கேற்ப விலையையும் கூட்டி வைத்திருக்கின்றன. வீடுகளில் ஆச்சிமார் சமைக்கிற சாப்பாடு அப்படிப்பட்டது அன்று. அரிசி கழுவிய நீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டி, மிளகும் சோம்பும் அளவோடு மணக்கும் குழம்பு, கல்பாசியும் மராத்தி மொக்கும் இருப்பது தெரியாமல் இருக்கும் கறி ஆகியவையே அதன் இயல்பு. இந்த வகைச் சாப்பாட்டுக்கு மிக நெருங்கியதைக் குறைந்த விலையில் தருவது, குடும்பமாக நடத்துகிற, பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய மெஸ்தான். வாசலில் ஒரு பலகை மட்டும் இருக்கும். பட்டியல் புத்தகம் இராது. அதனாலேயே வெளியூர்க்காரர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

பலகாரங்களிலும் இதே பிழை நிகழ்கிறது. வெள்ளைப் பணியாரத்தைப் பொட்டலமாக வாங்கி ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆழாக்குப் பச்சரிசியின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளந்து, ஊறவைத்து, வெண்ணெய் போல் ஆட்டி, ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி எடுக்கிற பண்டம் அது. எண்ணெயிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குள், வரமிளகாய்த் துவையலோடு, நின்ற இடத்திலேயே சாப்பிட வேண்டும். மசாலாச் சீயமும் கந்தரப்பமும் ஆறினால் சுவை குன்றும். கொண்டுபோவதற்கு உரியவை தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் போன்றவை. அவற்றையும் சுற்றுலாப் பயணிகளுக்கென்று அழகான பெட்டியில் வைத்து விற்கும் கடையில் வாங்குவதைவிட, வீட்டிலேயே சுட்டு விற்கும் பெண்களிடம் ஒருநாள் முன்னதாகச் சொல்லிவைத்து வாங்கினால் விலையும் குறைவு, எண்ணெயும் புதியது. கவுனி அரிசியில் மட்டும் மலிவை எதிர்பார்க்க வேண்டாம். பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொண்டுவந்து பழக்கிய அந்தக் கருப்பரிசி இன்றும் விலை கூடியதுதான். மிக மலிவாகக் கிடைத்தால் அதில் வேறு அரிசி கலந்திருக்க வாய்ப்புண்டு.

கானாடுகாத்தானுக்கோ ஆத்தங்குடிக்கோ காலையில் கிளம்பி, மதியச் சாப்பாட்டை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று போவது அடுத்த தவறு. இரண்டும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை. ஒரு தெருவின் வாசலில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற மாளிகைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய ஊரில் சாப்பாட்டுக்குக் குறைவிராது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த வீடுகளில் பல, உரிமையாளர்கள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் வாழ்வதால் திருமணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. வீட்டையே விடுதியாக்கிய இடங்களில் தரும் இலைச் சாப்பாடு சிறப்பானது. ஆனால் அதன் விலை மெஸ் சாப்பாட்டைப் போல் பல மடங்கு, முன்பதிவும் வேண்டும். இடையில் நிற்கும் எளிய கடைகள் மிகச் சில. காலைப் பலகாரத்தைக் காரைக்குடியிலேயே வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்பி, ஒன்றரை மணிக்குள் திரும்பிவிடுங்கள். அல்லது புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போங்கள்.

நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அலுவலர்களையும் மாணவர்களையும் நம்பி நடக்கும் மெஸ்கள் பல ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களில் தமிழ்நாடு முழுவதும் இறைச்சிக் கடைகள் அடைக்கப்படுவதால், அன்று கிடைக்கும் கறி முந்தைய நாளுடையதாகவே இருக்கக்கூடும். அந்நாள்களில் சைவம் சாப்பிடுவதே அறிவு.

மலிவு என்பதற்காகப் பழையதை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை; வடித்த சோறு பல மணி நேரம் வெளியில் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மதியம் மிஞ்சிய சோறு இரவில் முட்டைச் சோறாகவும் எலுமிச்சைச் சோறாகவும் மாறுவதற்கு வாய்ப்புள்ள கடைகளில், இரவில் சோற்று வகைகளை விட்டுவிட்டு, கண்ணெதிரே மாவு ஊற்றிச் சுடும் தோசையையோ, கொதித்துக்கொண்டிருக்கும் சால்னாவோடு பரோட்டாவையோ கேளுங்கள். வடைச் சட்டியில் எண்ணெய் கறுத்து, புகைந்து, நுரைத்துக்கொண்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள். கூட்டமுள்ள தள்ளுவண்டி, கூட்டமில்லாத கண்ணாடிக் கதவுக் கடையைவிடப் பாதுகாப்பானது என்பதே நான் கண்டது. சமைத்தது உடனுக்குடன் தீர்ந்துவிடுவதுதான் அதற்குக் காரணம்.

ரசீதையும் ஒருமுறை பாருங்கள். சிறு உணவகங்கள் பல, மொத்த விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை வரியாகக் கட்டும் காம்போசிஷன் என்ற எளிய முறையில் சரக்கு மற்றும் சேவை வரி செலுத்துகின்றன. அம்முறையில் உள்ளவர்கள் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலையில் நெறிமுறை வெளியிட்டது.

கையில் பணம் மிகக் குறைவாக இருக்கும் நாளில் அம்மா உணவகத்தை மறந்துவிட வேண்டாம். 2013இல் சென்னையில் தொடங்கி மற்ற நகரங்களுக்கும் பரவிய இத்திட்டம் இட்லி 1 ரூபாய், சாம்பார்ச் சோறு 5 ரூபாய், தயிர்ச் சோறு 3 ரூபாய் என்ற விலையில் தொடங்கப்பட்டது. அங்கே சாப்பிடுவதைத் தாழ்வாகக் கருதுவதும் ஒரு தவறுதான். கோயில் அன்னதானத்தை இலவச ஹோட்டலாகக் கருதுவதோ அதற்கு நேர்மாறான தவறு. நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடியுடன் பழனிக்கு நடந்து செல்லும் நாள்களில், குன்றக்குடி வழியாகச் செல்லும் சாலையோரங்களில் நடைப்பயணிகளுக்குச் சாப்பாடும் மோரும் வழங்குவார்கள். வழிப்போக்கரையும் உட்காரச் சொல்வார்கள், மறுக்க வேண்டாம். ஆனால் நடந்து களைத்தவர்கள் அமர்ந்த பிறகு அமருங்கள், கேட்டு வாங்கியதை இலையில் மீதம் வைக்காதீர்கள், உண்டியலில் இயன்றதைச் சேருங்கள்.

ஊர் திரும்பும் நாளிலும் ஒரு கவனம் தேவை. பல்லவன் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடும். இட்லிக் கடைகள் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும். இரவே இட்லி வாங்கிப் பொட்டலமாகக் கட்டி வைத்தால் வெயில் காலத்தில் காலைக்குள் புளித்துவிடும். முந்தைய மாலை தேன்குழலும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொண்டு, நிலையத்துக்கு வெளியே ஒரு தேநீர் குடித்துவிட்டு ஏறினால், திருச்சி வரும்வரை பசி தாங்கும்.