பொங்கல் விடுமுறையில் ஏற்காட்டின் புதுக் காப்பியை ருசிபார்க்கும் முறை

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கார்த்திகையில் தொடங்கும் அரபிகா வகைக் காப்பியின் பழப் பறிப்பு தை கடந்தும் நீள்கிறது. அரையாண்டு விடுமுறையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போகிறவர்கள், களத்தில் கொட்டை காய்வதைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் ஒரு பொட்டலம் தூள் வாங்கி, அதைப் புதுக் காப்பி என்றே நம்பிவிடுகிறார்கள். ஆனால் மார்கழியில் கடைக்கு வந்திருப்பது பெரும்பாலும் போன பருவத்துக் கொட்டைதான். முதற் பறிப்பில் வந்த பழத்தைத் தோலுரித்து, புளிக்கவைத்து, அலசி, ஈரம் 11 சதவீதத்தை ஒட்டி இறங்கும்வரை ஒரு வாரம் பத்து நாள் வெயிலில் உலர்த்திய பிறகும், பார்ச்மென்ட் என்னும் உள்ளுறையோடு ஒரு மாதமாவது கிடந்தால்தான் அதிலுள்ள புல் வாடை அடங்கும். ஆகவே புதுக் காப்பியை ருசிபார்க்க ஏற்ற விடுமுறை பொங்கல்தான். அதுவும் தோட்டக்காரரிடமோ கொட்டை வறுத்துத் தரும் கடையிலோ ‘இது எந்த வருஷப் பறிப்பு?’ என்று கேட்டு வாங்கினால் மட்டுமே.

தனியாக ஒரு காப்பியைக் குடித்து அதன் குணத்தைச் சொல்வது கடினம். பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் நாக்குக்குப் பிடி கிடைக்கும். புதுப் பறிப்பில் ஒன்று, அதே தோட்டத்தின் போன வருஷக் கொட்டை கிடைத்தால் அதில் ஒன்று, பீபெரி ஒன்று என மூன்று வகை போதும். பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைவதுதான் பீபெரி. பை மேல் ‘பிளான்டேஷன்’ என்று இருந்தால் அது தோலுரித்து அலசிய அரபிகா. ‘செர்ரி’ என்று இருந்தால் பழமாகவே உலர்த்தியது. செர்ரியில் பழத்தின் இனிப்பும் கனமும் கூடுதலாக நிற்கும் என்பதால், பீபெரி கிடைக்காதபோது அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் கொட்டையாகவே 100 கிராம் வாங்குங்கள். கலவைத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. பொட்டலத்தின் மேல் அந்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். சிக்கரி கலந்த தூளில் மலையின் ருசியைத் தேடுவது வீண் வேலை.

வறுவல் நடுத்தரமாக இருக்கட்டும். நாம் பழகிய கரும் வறுவலில் எல்லாக் கொட்டையும் ஒரே மாதிரி கசக்கும். ருசி பார்ப்பதற்கு முந்தின நாள் வறுத்து, குறைந்தது 8 மணி நேரம் ஆறவிட்ட கொட்டை நல்லது. அரைவை ரவையைவிடச் சற்று நைசாக, ஃபில்டர் தூளைவிடப் பருமனாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வகையையும் அரைக்கும் முன் அதே வகையில் நாலைந்து கொட்டையை மிக்ஸியில் ஓட்டிக் கொட்டிவிட்டால், முந்தின வகையின் வாசனை ஒட்டாது.

அளவில் சலுகை கூடாது. உலகெங்கும் காப்பி ருசிப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள்; நம் வீட்டு 200 மில்லி கண்ணாடி டம்ளருக்கு அது 11 கிராம் ஆகிறது. எவர்சில்வர் டம்ளர் கையையும் உதட்டையும் சுடும் என்பதால் கண்ணாடியே வசதி. சேலத்து போர் தண்ணீரின் கடினத்தன்மை காப்பியின் புளிப்பை அமுக்கிவிடுகிறது. கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள். ஊற்றும்போது தண்ணீரின் சூடு 93 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சேலத்தில் கொதி வந்து அடுப்பை அணைத்தபின் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், இறக்கியவுடன் ஊற்றிவிடலாம்.

சாம்பிராணி போட்ட அறையிலும் தாளிப்பு நடக்கும் அடுக்களையிலும் இந்த வேலை ஆகாது. ஒரு பொங்கல் காலையில் நெய்யில் முந்திரி வறுபட்டுக்கொண்டிருந்த அறையில் உட்கார்ந்து, மூன்று டம்ளரிலும் முந்திரி மணம் இருப்பதாக எழுதி வைத்தேன். அதன் பிறகு திண்ணைக்கு மாறிவிட்டேன்.

முதலில் உலர்ந்த தூளை முகர்ந்து பாருங்கள். பிறகு தூள் முழுவதும் நனையும்படி விளிம்புவரை ஊற்றி, 4 நிமிடம் தொடாமல் விடுங்கள். மேலே தூள் ஆடைபோல் எழும்பி, நடுவே லேசாக வெடித்து, பழுப்பு நுரை கசியும். மூக்கை டம்ளரின் விளிம்புக்கே கொண்டுபோய், கரண்டியின் முதுகால் அந்த ஆடையை மூன்று முறை தள்ளி உடைக்கும்போது எழும் ஆவியில்தான் காப்பியின் மணம் முழுதாக இருக்கிறது. இந்தக் கணம் ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். ஆகவே பேச்சை நிறுத்திவிட்டு முகருங்கள். காப்பி குடிக்காத பிள்ளைகளையும் இதற்கு மட்டும் அழைக்கலாம். பிறகு மேலே மிதக்கும் நுரையையும் தூளையும் இரண்டு கரண்டியால் வழித்தெடுங்கள்.

ஊற்றியதிலிருந்து 10 நிமிடம் கழித்து, அரைக் கரண்டி எடுத்து, கஞ்சி உறிஞ்சுவதுபோல் சத்தம் வரவே உறிஞ்சுங்கள். காற்றோடு தெறித்தால்தான் மணம் மூக்கின் பின்பக்கம் போய்ச் சேரும். நம் வீட்டில் புளிப்பைக் குறையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். மலைக் காப்பியின் புளிப்பு கெட்டுப்போன புளிப்பு அல்ல. கமலா ஆரஞ்சுச் சுளையைக் கடித்ததுபோல் நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறவைத்து உடனே அடங்குவது. கனத்தை நீர்மோருக்கும் பாலுக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். போன வருஷக் கொட்டையில் மரத்தூள் வாடையோ சாக்கு வாடையோ வந்தால் அது வயதின் அடையாளம். தோன்றியதை மற்றவர்களிடம் சொல்லும் முன் எழுதிவிடுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் ‘வெல்லம்’ என்றால் எல்லார் நாக்கிலும் வெல்லம் வந்துவிடும்.

நாம் எளிதில் தவறவிடுவது இதற்குப் பிறகு உள்ளதைத்தான். ஆவி பறக்கக் குடித்தே வளர்ந்த நாம், ஆறிய காப்பியைக் கொட்டிவிடுகிறோம். சூட்டில் நாக்கு பாதி மரத்திருக்கும். இனிப்பும் புளிப்பும் வெளிவருவதும், வறுவலால் மறைக்கப்பட்ட குறை அம்பலமாவதும் டம்ளர் உடல் சூட்டுக்கு இறங்கும்போதுதான். ஆகவே அரைமணி நேரத்தில் மூன்று முறை சுற்றி வாருங்கள். இடையிடையே வெறும் பொரியும் தண்ணீரும் போதும். ஆறிய பின்னும் இனிப்பு நிற்கிற டம்ளர் எதுவோ அதுதான் நல்ல காப்பி.

அந்தக் கொட்டையில் மிச்சமிருப்பதைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வறுத்த தேதியை எழுதி ஒட்டி, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாள் காலையில் அதையே ஃபில்டரில் போட்டு, வழக்கம்போல் பால் சேர்த்து, முந்தின நாள் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாலையும் தாண்டி எது மிஞ்சி நிற்கிறது என்று பாருங்கள்.